பேக்கேஜ் புதுசு, பூட் லோடர் பழசு: 2022 ஆகஸ்ட் கிரப் சிக்கல், ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஆகஸ்ட் கடைசி வாரம். ராத்திரி பதினோரு மணி வாக்கில் லேப்டாப்பை அப்டேட் செய்து முடித்து ரீபூட் கொடுத்தேன். லினக்ஸ் வரவில்லை. பயாஸ் செட்டப் திரை வந்து நின்றது. கை தவறி எஃப்2 பட்டிருக்கும் என்று நினைத்து வெளியே வந்தேன். மறுபடியும் அதே திரை. மூன்றாவது தடவை கையை மேஜையிலிருந்தே எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் செட்டப்தான்.

முதல் சந்தேகம் கீபோர்டு மேல். எஃப்2 பட்டன் உள்ளே சிக்கியிருக்குமோ என்று நகத்தால் நெம்பிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். அடுத்த சந்தேகம் டிஸ்க் மேல். ஆனால் செட்டப் திரையில் எஸ்எஸ்டி ஒழுங்காகத் தெரிந்தது. பூட் வரிசையிலும் லினக்ஸின் பெயர்தான் முதலில் இருந்தது. டிஸ்க் செத்திருந்தால் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று ஏதாவது புலம்பியிருக்கும். இதுவோ எதுவுமே சொல்லாமல், மரியாதையாக என்னைச் செட்டப் திரைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டது. கணினி எழும்போது லினக்ஸை எடுத்து ஓட்டும் பூட் லோடர்தான் கிரப். அதன் மெனுகூட ஒரு நொடி தலைகாட்டவில்லை.

இதில் எனக்கு மட்டும் நடந்தது என்று ஒன்றும் இல்லை. அந்த வாரம் நான் பயன்படுத்தும் ஆர்ச் லினக்ஸும் அதை ஒட்டி வந்த எண்டெவர்ஓஎஸ் போன்ற விநியோகங்களும் ஓடிய ஏராளமான கணினிகள் இதே மாதிரி நின்றன. ஆகஸ்ட் 30 அன்று ஆர்ச் தன் செய்திப் பக்கத்திலேயே இதைப் பற்றி அறிவிப்பு போட்டது. அதற்குள் நான் என் கணினியை எழுப்பிவிட்டேன். எழுப்பியதைவிட, ஏன் விழுந்தது என்று பார்த்ததில்தான் கற்றுக்கொண்டது அதிகம்.

கணினியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் (கணினியை முதலில் எழுப்பும் உள்மென்பொருள், பழைய பயாஸின் வாரிசு), கையொப்பமில்லாத பூட் லோடரைத் தடுக்கும் செக்யூர் பூட் அணைத்து வைத்தது. ஒரே எஸ்எஸ்டியில் விண்டோஸும் ஆர்ச்சும். ஃபர்ம்வேர் படிக்கும் பூட் ஃபைல்கள் இருக்கும், ஈஎஸ்பி எனப்படும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் 512 எம்பி, ஃபேட்32. அதை பூட் ஃபோல்டருக்குள் ஈஎஃப்ஐ என்ற இடத்தில் மவுன்ட் செய்திருந்தேன், அதாவது இணைத்திருந்தேன். லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில். கிரப்பை 2021 ஜனவரியில் ஒரே ஒரு தடவை கமாண்ட் லைனிலிருந்து நிறுவினேன். அதற்கப்புறம் கிரப்-இன்ஸ்டால் கட்டளையைத் தொடவே இல்லை. தொட வேண்டும் என்று தோன்றவும் இல்லை, பேக்கேஜ்தான் அவ்வப்போது தானாக அப்டேட் ஆகிறதே!

அந்த நினைப்பில்தான் ஓட்டை.

எது எங்கே உட்கார்ந்திருக்கிறது

கிரப் என்பதை ஒரே சாமானாக நினைக்கிறோம். டிஸ்கில் அது மூன்று துண்டு. முதல் துண்டு, ஃபர்ம்வேர் நேராக எடுத்து ஓட்டும் கோர். யூஇஎஃப்ஐ கணினியில் அது ஈஎஸ்பிக்குள் ஒரு சாதாரண ஃபைல்: கிரப்எக்ஸ்64.ஈஎஃப்ஐ. பழைய பயாஸ் கணினியில் இதற்கு ஃபைல் கிடையாது. டிஸ்கின் முதல் செக்டாரான 512 பைட்டில் 446 பைட் மட்டும்தான் பூட் லோடரின் குடித்தனம். மிச்சம் பார்ட்டிஷன் அட்டவணைக்கும் கடைசி இரண்டு பைட் முத்திரைக்கும் போய்விடும். அந்த 446 பைட்டுக்குள் எதுவும் பெரிதாகச் செய்ய முடியாது. ஆகவே கோரை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தில் எழுதி, அதைப் போய்ப் பிடி என்று அந்த 446 பைட்டில் வழி மட்டும் சொல்லி வைத்திருப்பார்கள்.

இரண்டாவது துண்டு மாட்யூல்கள். பிடிஆர்எஃப்எஸ் படிக்க ஒன்று, மெனு காட்ட ஒன்று, ஃபர்ம்வேர் செட்டப்புக்குப் போக ஒன்று என்று நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள். இவை பூட் ஃபோல்டரின் கிரப் டைரக்டரிக்குள் இருக்கும். மூன்றாவது துண்டு கிரப்.சிஎஃப்ஜி. மெனுவில் என்னென்ன வர வேண்டும் என்பதை எழுதி வைத்த ஃபைல்.

பேக்கேஜ் மேனேஜர் அப்டேட் செய்வது இந்த மூன்றில் எதையும் அல்ல. ஆர்ச்சின் பேக்கேஜ் மேனேஜரான பேக்மேன் புது கிரப்பைக் கொண்டுவந்து இறக்குவது யூஎஸ்ஆர்/லிப்/கிரப் என்ற ஃபோல்டரில். அது வெறும் குடோன். அங்கிருந்து கோரைச் செய்து ஈஎஸ்பியில் வைப்பதும், மாட்யூல்களை பூட் ஃபோல்டருக்கு நகலெடுப்பதும் கிரப்-இன்ஸ்டால் வேலை. கிரப்.சிஎஃப்ஜி எழுதுவது கிரப்-எம்கேகான்ஃபிக் வேலை. அதற்கான ஸ்கிரிப்டுகள் ஈடிசி ஃபோல்டரில் கிரப்.டி என்ற இடத்தில் 00, 10, 30, 40 என்று நம்பர் போட்டு வரிசையாக இருக்கும். இவை பேக்கேஜோடு சேர்ந்து அவ்வப்போது புதுப்பிக்கப்படும்.

என் கணினியில் ஒரு ஹூக் எழுதி வைத்திருந்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோ கிரப்போ அப்டேட் ஆனால் கிரப்-எம்கேகான்ஃபிக் தானாக ஓடும். எழுதியபோது ரொம்பப் புத்திசாலித்தனம் என்று பெருமைப்பட்டேன். விளைவு என்ன? ஒவ்வொரு அப்டேட்டிலும் மெனு ஃபைல் புதுசாகிக்கொண்டே வந்தது. கோரும் மாட்யூலும் 2021 ஜனவரியிலேயே உறைந்து நின்றன. 19 மாதம் இந்த ஜோடி சண்டையில்லாமல் ஓடியது, புது மெனு ஃபைலில் பழைய மாட்யூலுக்குப் புரியாத எதுவும் வராததால்.

அந்த ஒரு வரி

ஆகஸ்டில் வந்த பேக்கேஜ் 2.06-க்குப் பிறகான டெவலப்மென்ட் கோடை எடுத்துச் செய்தது. பதிப்பு எண்ணில் ஆர்322 என்று ஒட்டியிருக்கும். அதில் 30_யூஇஎஃப்ஐ-ஃபர்ம்வேர் என்ற ஸ்கிரிப்ட் மாறியிருந்தது. மெனுவின் அடியில் ‘யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்’ என்று ஒரு வரி வருமே, அதை உண்டாக்கும் ஸ்கிரிப்ட்.

முன்பெல்லாம் மெனு ஃபைல் எழுதும் நேரத்திலேயே, ‘இந்தக் கணினி இதற்கு ஒத்துழைக்குமா’ என்று பார்த்து, ஒத்துழைக்கும் என்றால் மட்டும் அந்த வரியைச் சேர்ப்பார்கள். புது ஸ்கிரிப்ட் அந்தச் சோதனையைப் பூட் நேரத்துக்கு மாற்றியது. யோசனை நல்ல யோசனைதான். அதற்காக எஃப்டபிள்யூசெட்அப் என்ற கிரப் கட்டளைக்கு ‘இஸ்-சப்போர்ட்டட்’ என்று ஒரு புது ஆப்ஷன் கொடுத்தார்கள். முடியுமா முடியாதா என்று பதில் மட்டும் சொல்லும், வேறு எதுவும் செய்யாது. முடியும் என்றால் மெனுவில் வரி சேரும்.

பழைய எஃப்டபிள்யூசெட்அப்புக்கு ஆப்ஷன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பின்னால் என்ன எழுதியிருந்தாலும் அதன் காதில் விழாது. அதற்குத் தெரிந்தது ஒரே வேலை: அடுத்த பூட்டில் செட்டப்பைத் திற என்று ஃபர்ம்வேரில் குறித்துவிட்டு, கணினியை உடனே ரீசெட் செய்வது. ‘போக முடியுமா?’ என்று கேட்டதற்கு, ‘இதோ கிளம்பிட்டேன்’ என்று செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டது.

கிரப்.சிஎஃப்ஜி ஒரு ஸ்கிரிப்ட். மேலிருந்து கீழ் வரை முழுவதும் ஓடி முடித்த பிறகுதான் மெனு திரையில் வரும். இந்த வரி கிட்டத்தட்ட கடைசியில் இருந்தாலும், மெனு வரும் முன்பே வந்துவிடுகிறது. அதனால்தான் ஒரு நொடிகூட மெனு தெரியவில்லை. மெனுவில் ஈ (E) பட்டனைத் தட்டி, வரியை எடிட் செய்து தப்பிக்கவும் வழியில்லை. எஃப்2 பட்டன் பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

எழுப்பிய கதை

பென்டிரைவிலிருந்தே ஓடும் ஆர்ச் லைவ் இமேஜ் வேண்டும். தம்பியின் லேப்டாப்பை வாங்கி டிடி கட்டளையில் எழுதினேன். “அண்ணா, பாத்து. என் டிஸ்க்க அழிச்சிடாத” என்று பின்னாலேயே நின்றான். டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே ஓட்டி, 8 ஜிபி என்று தெரிவதுதான் பென்டிரைவ் என்று அவனுக்குக் காட்டின பிறகுதான் என்டர் தட்டவிட்டான். நியாயம்தான்.

முதல் தடுக்கல் பூட் மெனுவிலேயே. ஒரே பென்டிரைவ் இரண்டு பெயரில் தெரிந்தது, ஒன்றில் யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு, இன்னொன்றில் இல்லை. அவசரத்தில் இல்லாததைத் தேர்ந்தெடுத்தேன். லைவ் சிஸ்டம் அழகாக வந்தது. ஆனால் சிஸ்/ஃபர்ம்வேர் என்ற இடத்தில் ஈஎஃப்ஐ ஃபோல்டரே இல்லை. அதாவது பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறேன். இந்த நிலையில் கிரப்-இன்ஸ்டால் ஓட்டினால், ‘இந்தச் சிஸ்டத்தில் ஈஎஃப்ஐ வேரியபிள் வசதி இல்லை’ என்று சொல்லிவிடும். ஃபைல்களை எழுதும், ஃபர்ம்வேரில் பதிவு செய்ய முடியாது. என் விஷயத்தில் பழைய பதிவே அப்படியே இருந்ததால் அதுவே போதுமானது என்பது பின்னால்தான் உறைத்தது. அன்று ராத்திரி நல்ல பிள்ளையாக மறுபடி ரீபூட் செய்து, சரியான பெயரைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டாவது தடுக்கல் மவுன்ட். ரூட் பார்ட்டிஷனை எம்என்டி ஃபோல்டரில் மவுன்ட் செய்து, அதற்குள் நுழைந்து வேலை செய்ய ஆர்ச்-குரூட் கொடுத்தால், தேவையான ஃபோல்டரே இல்லை என்றது. டிஸ்கே காலியாகிவிட்டதோ என்று ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது. உள்ளே பார்த்தால் @ என்றும் @ஹோம் என்றும் இரண்டே ஃபோல்டர். பிடிஆர்எஃப்எஸ்ஸில் சப்வால்யூம் (பார்ட்டிஷனுக்குள் இருக்கும் தனிப் பிரிவு) பெயர் சொல்லாமல் மவுன்ட் செய்தால் உச்சிமட்டம்தான் தெரியும், உண்மையான ரூட் @ சப்வால்யூமுக்குள் இருக்கிறது. அன்மவுன்ட் செய்து, சப்வால் ஆப்ஷனில் @ கொடுத்து மறுபடி மவுன்ட் செய்தேன். அப்புறம் ஈஎஸ்பியை அதன் இடத்தில். இதை மறந்தால் கிரப்-இன்ஸ்டால், ‘இது ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் மாதிரி தெரியவில்லையே’ என்று நின்றுவிடும். கிரப்பின் பிழைச் செய்திகளிலேயே நேராக விஷயத்துக்கு வருவது இது ஒன்றுதான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

குரூட்டுக்குள் போனதும் உடனே எதையும் ஓட்டாமல் ஃபைல்களின் தேதியைப் பார்த்தேன். இந்த ஆய்வில் முக்கியமான சாட்சி இதுதான். கிரப்.சிஎஃப்ஜியின் தேதி அன்றைய தேதி. பக்கத்திலேயே எக்ஸ்86_64-ஈஎஃப்ஐ ஃபோல்டரில் இருக்கும் மாட்யூல் ஒவ்வொன்றும் 2021 ஜனவரி. ஈஎஸ்பிக்குள் கோரும் அதே ஜனவரி. எஃப்டபிள்யூசெட்அப் கட்டளை இருப்பது ஈஃபைஎஃப்டபிள்யூசெட்அப் என்ற மாட்யூலில். அதன் இரண்டு நகலிலும் கிரெப் போட்டு ‘இஸ்-சப்போர்ட்டட்’ என்ற சொல்லைத் தேடினேன். குடோனில் இருந்த புது நகலில் பொருத்தம் இருக்கிறது என்று வந்தது. பூட் ஃபோல்டரில் இருந்த பழைய நகல் மௌனம். கேட்கிறவர் புது ஆள், பதில் சொல்கிறவர் பழைய ஆள்.

அடுத்து ஈஃபைபூட்எம்ஜிஆர். ஃபர்ம்வேரில் என்னென்ன பெயர் பதிவாகியிருக்கிறது, ஒவ்வொன்றும் எந்த ஃபைலைக் காட்டுகிறது என்று அது பட்டியல் போடும். இதைப் பார்க்காமல் கிரப்-இன்ஸ்டால் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம், நானும் ஓட்டியிருப்பேன். வழிகாட்டிகளில், ஃபர்ம்வேரில் பதியும் பெயரான பூட்லோடர்-ஐடி என்ற இடத்தில் பெரும்பாலும் ‘கிரப்’ என்றே இருக்கும். நான் 2021-ல் கொடுத்திருந்த பெயர் ‘ஆர்ச்’. வழிகாட்டியை அப்படியே தட்டியிருந்தால் ஈஎஸ்பியில் புதுசாக ஒரு ஃபோல்டர், அதில் புது கோர், ஃபர்ம்வேரில் புதுப் பெயர் உருவாகியிருக்கும். பழைய ‘ஆர்ச்’ கோரும் தன் பாட்டுக்கு அங்கேயே இருந்திருக்கும். என்றாவது ஒருநாள் பூட் வரிசை மாறி அது முன்னால் வந்தால், பழைய கோர் புது மாட்யூல்களைத் தூக்கப் பார்த்து இன்னொரு விதமாக விழும்.

கற்பனையில் சொல்லவில்லை. 2020 ஜூலை 29 அன்று கிரப்பில் பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. முக்கிய லினக்ஸ் விநியோகங்கள் அவசரமாகத் திருத்தம் அனுப்பின. அதைப் போட்ட உபுண்டு, டெபியன் கணினிகள் சில, ‘கிரப்_காலக் என்ற சிம்பல் கிடைக்கவில்லை’ என்று சொல்லி நின்றன. டெபியன் குடும்பத்தில் பேக்கேஜ் அப்டேட் ஆகும்போது கிரப்-இன்ஸ்டாலும் தானாக ஓடும். எந்த டிஸ்கில் எழுத வேண்டும் என்பதை முதல் தடவை கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளும். நடுவில் டிஸ்க் மாறியிருந்தாலோ, முதலிலேயே தப்பாகக் குறித்திருந்தாலோ, மாட்யூல்கள் மட்டும் புதுசாகும். கணினி உண்மையில் பூட் ஆகும் டிஸ்கில் பழைய கோரே இருக்கும். எனக்கு மெனு ஃபைல் முந்திக்கொண்டது, அவர்களுக்கு மாட்யூல் முந்திக்கொண்டது. நோய் ஒன்றுதான்.

சரி, கட்டளைக்கு வருவோம். கிரப்-இன்ஸ்டாலுக்கு மூன்று விவரம் கொடுத்தேன்: டார்கெட் எக்ஸ்86_64-ஈஎஃப்ஐ, ஈஎஃப்ஐ டைரக்டரி எது என்பது, பூட்லோடர்-ஐடி அதே பழைய ‘ஆர்ச்’. சில நொடியில் ‘இன்ஸ்டலேஷன் ஃபினிஷ்ட். நோ எரர் ரிப்போர்ட்டட்’ என்று வந்தது. தேதியைப் பார்த்தேன், கோரும் மாட்யூலும் இன்றைய தேதிக்கு வந்திருந்தன. மெனு ஃபைல் ஏற்கெனவே புதுசுதான் என்றாலும் கிரப்-எம்கேகான்ஃபிக்கையும் ஒருமுறை ஓட்டினேன். கர்னல் கிடைத்தது, இனிட்ராம்எஃப்எஸ் கிடைத்தது, கூடவே, டிஸ்கில் உள்ள மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் ஓட்டப்படாது என்று ஓர் எச்சரிக்கை. 2.06-லிருந்து பாதுகாப்புக் காரணத்தால் அது இயல்பாக அணைந்தே இருக்கும். விண்டோஸ் வரி வேண்டுமென்றால் ஈடிசி/டிஃபால்ட் இடத்தில் உள்ள கிரப் ஃபைலில் கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர் என்பதை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். அதை முன்பே செய்ததாக ஒரு நினைப்பு எனக்கு. செய்திருக்கவில்லை. செய்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

வெளியே வந்து, எல்லாவற்றையும் அன்மவுன்ட் செய்து, ரீபூட். மெனு வந்தது. மணி ஒன்றேகால்.

வேறு வழிகள் இருந்தனவா

இருந்தன. குரூட்டுக்குள் போய் கிரப்.சிஎஃப்ஜியில் அந்த இரண்டு மூன்று வரியை நீக்கினாலே கணினி எழுந்துவிடும். 30-ஆம் நம்பர் ஸ்கிரிப்டின் எக்ஸிகியூட் அனுமதியை எடுத்துவிட்டு மெனு ஃபைலை மறுபடி எழுதலாம், இது கொஞ்சம் நிரந்தரம். பேக்கேஜைப் பழைய பதிப்புக்கு இறக்கி மெனு ஃபைலை எழுதியவர்களும் உண்டு. மூன்றும் வேலை செய்யும். மூன்றிலும் ஜனவரி 2021 கோர் அப்படியே இருக்கும் என்பதால் எனக்குப் பிடிக்கவில்லை. பூட்ஹோல் மாதிரி ஓட்டைகளுக்கு வரும் திருத்தம் குடோனில் கிடந்து என்ன பிரயோஜனம்? இந்தச் சிக்கலே வராமல் இருந்திருந்தால் நான் இன்னும் எத்தனை வருடம் அந்தப் பழைய கோரை ஓட்டியிருப்பேனோ.

ஆர்ச் ஏன் தானாகக் கிரப்-இன்ஸ்டால் ஓட்டுவதில்லை என்று அன்று நிறையப் பேர் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஈஎஸ்பி எங்கே மவுன்ட் ஆகியிருக்கிறது, என்ன ஐடி, பயாஸா யூஇஎஃப்ஐயா, எந்த டிஸ்க் என்று எதையும் பேக்கேஜ் அறியாது. ஊகித்து எழுதினால் டெபியனில் நடந்ததுதான் நடக்கும். ஆனால் ‘இனி இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்’ என்று அப்டேட் நேரத்தில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். பின்னால் அதைச் சேர்த்தார்கள். இப்போது கிரப் அப்டேட் ஆகும்போதெல்லாம் அந்த இரண்டு கட்டளையும் திரையில் வருகிறது. எண்டெவர்ஓஎஸ் அதே வருடம் டிசம்பரில் வந்த கசினி பதிப்பில் சிஸ்டம்டி-பூட் என்ற வேறு பூட் லோடரையே இயல்பான தேர்வாக ஆக்கிவிட்டது.

நான் மாறவில்லை. சிஸ்டம்டி-பூட்டுக்கு பிடிஆர்எஃப்எஸ் படிக்கத் தெரியாது. கர்னலைக் கொண்டுபோய் ஃபேட் பார்ட்டிஷனில் வைக்க வேண்டும். என் கர்னல் ரூட் சப்வால்யூமுக்குள்ளேயே இருப்பதால், பழைய நிலையைச் சேமித்து வைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது அதற்குப் பொருத்தமான கர்னலும் கூடவே வருகிறது. அதை விட மனசில்லை.

மாற்றியது ஹூக்கைத்தான். இப்போது கிரப் அப்டேட் ஆனால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடும். ஈஎஸ்பி மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லை என்றால் எதையும் தொடாமல் கத்திவிட்டு நிற்கும். இருந்தால் கிரப்-இன்ஸ்டால், அது வெற்றி பெற்றால் மட்டும் கிரப்-எம்கேகான்ஃபிக். இந்த வரிசை முக்கியம். புது கோரும் பழைய மெனு ஃபைலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். மறுதலைதான் ஆபத்து. கர்னல் அப்டேட்டுக்கு மெனு ஃபைலை எழுதும் வேலையை எடுத்தே விட்டேன். ஆர்ச்சில் கர்னல் ஃபைலின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை, எழுத வேண்டிய தேவையே கிடையாது.

அந்த வாரக் கடைசியில் இதே ஸ்கிரிப்டை வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பிலும் போட்டேன். அது பயாஸ் கணினி, டார்கெட் ஐ386-பிசி, எழுத வேண்டிய இடம் எஸ்டிஏ என்ற டிஸ்க் என்று கொடுத்தேன். நோ எரர் ரிப்போர்ட்டட். திருப்தியாக எல்எஸ்பிஎல்கே ஓட்டினால், போன மாதம் தம்பி மாட்டிய 2 டிபி டிஸ்க்தான் எஸ்டிஏ. பூட் ஆகும் எஸ்எஸ்டி எஸ்டிபி ஆகியிருந்தது. அதாவது மாட்யூல் புதுசு, கோர் பழசு. இன்னும் ரீபூட் கொடுக்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். டெவ் ஃபோல்டரில் டிஸ்க்/பை-ஐடி என்ற இடத்தில் ஒவ்வொரு டிஸ்குக்கும் அதன் மாடல், சீரியல் நம்பரோடு மாறாத பெயர் ஒன்று இருக்கும். அதில் எஸ்எஸ்டியின் பெயரை எடுத்து ஸ்கிரிப்டில் போட்டு, கிரப்-இன்ஸ்டாலை மறுபடி ஓட்டிவிட்டு, அப்புறம்தான் ரீபூட் தட்டினேன்.